எரு கேட்காத செடி: கிரெவில்லியா

தொழு உரம், மண்புழு உரம், அமுதக்கரைசல் என்று மண்ணுக்குத் தீனி போடுவதைப் பற்றியே பேசுகிற நமக்கு, எரு போட்டால் கருகிப்போகிற செடி ஒன்று இருக்கிறது என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆஸ்திரேலியாவின் பூர்வீகப் பூச்செடியான கிரெவில்லியா அப்படிப்பட்டது. சிட்னியில் மகள் வீட்டில் தங்கியிருந்த மாதங்களில் இதை நட்டு வளர்த்தேன். நம்ம ஆட்கள் பலர் பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகிறோம். போனதும் கை சும்மா இருக்காது, தோட்டத்தில்தான் இறங்குவோம். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இதில் 350க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஏற்காட்டிலும் நீலகிரியிலும் நிழலுக்கு வளர்க்கிறோமே சில்வர் ஓக், அதுவும் ஒரு கிரெவில்லியாதான். வீட்டுத் தோட்டத்துக்குப் புதர் வகைகள் ஏற்றவை. 'ராபின் கோர்டன்' என்ற கலப்பு வகை அங்கே ரொம்பப் பிரபலம். குயின்ஸ்லாந்தில் மேய்ச்சல் பண்ணை வைத்திருந்த டேவிட் கோர்டன் என்பவரின் தோட்டத்தில் உருவானது. தன் மகள் பெயரையே அதற்கு வைத்தார். ஒன்றரை மீட்டர் உயரம் வரும். வருஷம் பூரா சிவப்புப் பூ. தேன் குடிக்கப் பறவைகள் வந்துகொண்டே இருக்கும்.

எரு ஏன் ஆகாது?

ஆஸ்திரேலிய மண் மிகப் பழையது. கோடிக்கணக்கான வருஷ மழையில் கரைந்து கரைந்து, பெரும்பகுதியில் மணிச்சத்து மிகக் குறைவு. அந்த வறுமையிலேயே வளர்ந்த செடி இது. பாட்டில் கழுவும் பிரஷ் போலக் கொத்துக் கொத்தாகச் சிறுவேர்களை விடும். அந்த வேர்கள் அமிலத்தைக் கசியவிட்டு, மண்ணில் பூட்டிக்கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்து உறிஞ்சும். கிடைப்பதையெல்லாம் இழுத்துப் பழகிய வேருக்குப் போதும் என்று நிறுத்தத் தெரியாது. நாம் கோழி எருவோ எலும்புத்தூளோ போட்டால், அளவுக்கு மேல் இழுத்துக்கொள்ளும். இலை மஞ்சளாகி, நுனி கருகி, செடியே போய்விடும். வங்கியில் இருந்தவன் என்பதால் எனக்கு இப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது: திருப்பிக் கட்டும் சக்தியைப் பார்க்காமல் கடன் கொடுத்தால், வாங்கினவரையே அது அமுக்கிவிடும்.

வளர்க்கும் முறை

நாள் முழுக்க வெயில் படும் இடம் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் வேரழுகல் வரும். களிமண்ணாக இருந்தால் ஓரடி மேடு கட்டி நடுங்கள். அங்கே மார்ச் முதல் மே வரை இலையுதிர் காலம், நடுவதற்கு நல்ல பருவம். குழி தொட்டியைப் போல இரண்டு மடங்கு அகலம் இருந்தால் போதும். குழிக்குள் எரு வேண்டாம். தோண்டிய மண்ணையே போட்டு மூடுங்கள்.

மரப்பட்டைத் தூளால் மூடாக்குப் போடலாம், தண்டை ஒட்டாமல். முதல் கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். வேர் பிடித்த பிறகு, கடும் வறட்சியில் மட்டும் பார்த்தால் போதும்.

பூ ஓய்ந்ததும் கிளையில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் செடி அடர்த்தியாகும். இலையே இல்லாத பழைய கட்டை வரை வெட்டாதீர்கள், துளிர்ப்பது சந்தேகம். இந்த வகை சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, கறிவேப்பிலை, முருங்கை இருக்கும் பாத்தியில் இதை வைக்காதீர்கள். அவற்றுக்குப் போடுகிற எரு மழையில் கரைந்து இதன் வேருக்கும் போய்ச் சேரும்.

நம்ம ஊருக்கு?

திரும்பி வரும்போது விதையைப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரம் நீலகிரிப் புல்வெளிகளை எப்படி விழுங்கியது என்று பார்த்திருக்கிறோம். தேன்சிட்டு வர வேண்டுமானால் வேலியில் கல்யாண முருங்கையும் ஆடாதோடையும் வையுங்கள். ஆட்டுக்குத் தழையும் ஆச்சு, இருமலுக்கு மருந்தும் ஆச்சு.

அங்கேயிருந்து எடுத்துவர வேண்டியது ஒரு பழக்கத்தைத்தான். எரு நல்லதுதான், ஆனால் எல்லாச் செடிக்கும் ஒரே அளவு இல்லை. கூடையைத் தூக்கும் முன் இந்தச் செடி எந்த மண்ணில் பிறந்தது, என்ன தின்று வளர்ந்தது என்று ஒரு நிமிஷம் விசாரியுங்கள்.