கைக்குழந்தையின் சிறுநீர்: நிறம் உணர்த்துவது என்ன?

ஆனி பிறந்தால் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடும். தென்காசி, செங்கோட்டைப் பகுதி வீடுகளில் கைக்குழந்தையின் துணிகள் நாள் முழுவதும் கொடியில் தொங்கினாலும் எளிதில் காய்வதில்லை. அத்துணிகளில் படியும் கறையைப் பார்த்துக் குழந்தையின் நலத்தைக் கணிப்பது பாட்டிமார் வழக்கம். இதற்கு அறிவியல் அடிப்படை உண்டா? உண்டு.

மஞ்சள் வரும் வழி

இரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து அழிகின்றன. பிறந்த குழந்தையிடம் இன்னும் விரைவாக அழிகின்றன. அவற்றிலுள்ள ஹீமோகுளோபின் சிதைந்து பிலிரூபின் என்னும் மஞ்சள் பொருளாகிறது. கல்லீரல் அதை நீரில் கரையும் வடிவுக்கு மாற்றி, பித்தநீருடன் குடலுக்கு அனுப்புகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை மேலும் மாற்றுகின்றன. அதில் ஒரு சிறு பகுதி இரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியே வெளியேறி, யூரோபிலின் ஆகிறது. யூரோபிலின் நீல ஒளியை உட்கவர்வதால் சிறுநீர் மஞ்சளாகத் தெரிகிறது.

இம்மாற்றத்தைச் செய்யும் பாக்டீரியா நொதியை அமெரிக்க ஆய்வாளர்கள் 2024-இல்தான் அறிவித்தனர். பிறந்து சில மாதங்கள் வரை பல குழந்தைகளின் குடலில் இந்நொதி காணப்படுவதில்லை. மேலும், தாய்ப்பாலில் பெரும்பகுதி நீரே. ஆகவே நன்கு பால் குடிக்கும் கைக்குழந்தையின் சிறுநீர் நிறமற்றோ வெளிர் மஞ்சளாகவோ இருப்பதே இயல்பு.

செங்கல் தூள் போன்ற கறை

பிறந்த ஓரிரு நாட்களில் துணியில் இளஞ்சிவப்புக் கறை படியலாம். இரத்தமோ என்று தாய்மார் அஞ்சுவதுண்டு. அப்போது சிறுநீர் அளவு குறைவு. அதிலுள்ள யூரிக் அமில உப்புகள் படிகங்களாகப் படிவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். பால் சுரப்பு பெருகியதும் இது மறைந்துவிடும். 5 நாட்களுக்குப் பின்னும் தொடர்ந்தாலோ, நாளொன்றுக்கு 6 முறைக்கும் குறைவாகத் துணி நனைந்தாலோ, பால் போதவில்லை என்று கருதி மருத்துவரிடம் காட்ட வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது தீர்வாகாது. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பாலே போதும்.

காமாலையும் சிறுநீரும்

பிறந்த குழந்தைகளுக்குச் சாதாரணமாக வரும் காமாலையில் உடலில் தேங்குவது, கல்லீரல் இன்னும் மாற்றாத பிலிரூபின். அது நீரில் கரையாது. ஆகவே சிறுநீரில் இறங்காது. கண்ணும் தோலும் மஞ்சளாயினும் சிறுநீர் வெளிறியே இருக்கும்.

பித்தநாளம் அடைபட்ட குழந்தையின் நிலை வேறு. கல்லீரல் மாற்றிய, நீரில் கரையும் பிலிரூபின் குடலுக்குச் செல்ல வழியின்றி இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீரில் இறங்குகிறது. சிறுநீர் அடர் மஞ்சளாகித் துணியில் கறை பிடிக்கும். குடலுக்கு நிறப்பொருள் போகாததால் மலம் சுண்ணாம்பு போல் வெளுக்கும். இவ்விரண்டும் சேர்ந்து தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

பித்தநாளம் சிதைந்த குழந்தைகளுக்கான அறுவை முறையை ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் 1959-இல் வெளியிட்டார். பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் அதன் பலன் கூடுதல். தாமதமானால் கல்லீரல் கெட்டு, மாற்றுக் கல்லீரல் தேவைப்படும். குழந்தையின் மலநிறத்தைத் தாய்மாரே ஒப்பிட்டுப் பார்க்கும் வண்ண அட்டையைத் தைவான் 2004 முதல் நாடு முழுவதும் வழங்கி வருகிறது.

குற்றால மலை மூலிகைக்குப் பெயர் பெற்றது. காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைக்கும் வழக்கமும் இங்கு உண்டு. ஆனால் அடைபட்ட நாளத்தை எந்த இலையும் திறக்காது. பத்தியம் பார்த்துக் காத்திருக்கும் நாட்கள் அந்த 60 நாட்களில் கழிந்துவிடும்.

எப்படிப் பார்ப்பது?

வெள்ளைத் துணியில், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விளக்கொளியில் நீலக்கதிர் குறைவு. அதனால் வெள்ளைத் துணியே மஞ்சளாகத் தோன்றும். மழைக்காலத்தில் டயபர் அணிவித்தாலும், தினமும் ஒருமுறையேனும் வெள்ளைத் துணி கட்டிப் பாருங்கள். சிறுநீர் கறை பிடித்தாலோ, மலம் வெளுத்தாலோ, காமாலை 14 நாட்களைத் தாண்டினாலோ குழந்தைநல மருத்துவரிடம் செல்லுங்கள். நேரடி பிலிரூபின் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை இது எவ்வகைக் காமாலை என்பதைப் பிரித்துக் காட்டும்.