தோற்ற ஆட்டங்களுக்கு ஒரு கணக்கு நோட்டு



2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம்ம சென்னைப் பையன் குகேஷ் பதினெட்டு வயதில் உலகப் பட்டம் வென்றாலும் வென்றார், எங்கள் திருச்சியில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு செஸ் கிளாஸ் போர்டு கண்ணில் படுகிறது. பிள்ளையைச் சேர்த்துவிடுவது சுலபம். நாலைந்து வருடம் ஆடி, ரேட்டிங் எல்லாம் வாங்கி, பிறகு நகராமல் நின்றுவிடும்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் திணறல். அந்த இடத்தில் நிற்கும் அம்மாக்களுக்காக எழுதுகிறேன்.

என் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். 1604 ரேட்டிங் வரை போனவள், சென்ற மே மாத விடுமுறையில் வரிசையாக நாலு போட்டிகளில் சறுக்கி 1512-க்கு வந்துவிட்டாள். "எனக்கு செஸ் வேணாம்மா, போதும்" என்றாள். என் மாமியார் அதற்காகவே காத்திருந்த மாதிரி, "அடுத்த வருஷம் பத்தாவது. பொம்பளப் புள்ளைய ஊர் ஊரா இழுத்துக்கிட்டு அலையறதும் மிச்சம்" என்று முடித்துவிட்டார். என்னவர் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் சார்ஜ், நுழைவுக் கட்டணம், லாட்ஜ் வாடகை எல்லாம் அவர் மனசில் ஓடியிருக்கும்.

இந்த ரேட்டிங் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம்மைவிட 200 புள்ளி கூடுதலாக உள்ளவரை ஜெயித்தால், என் பெண் வயதுப் பிள்ளைக்குச் சுமார் 30 புள்ளி ஏறும். தோற்றால் 10 தான் போகும். 200 குறைவாக உள்ளவரிடம் தோற்றாலோ 30 போய்விடும். ஜெயித்தாலும் 10 தான். டிரா ஆனால்கூடக் கையிலிருந்து 10 கழியும். அதனால் ஒன்பது ஆட்டத்தில் ஐந்தை ஜெயித்துவிட்டு, ரேட்டிங் குறைந்து வீடு திரும்பும் குழந்தைகள் உண்டு. அழாமல் என்ன செய்யும்?

பயிற்சி மையத்தில் கேட்டபோது, "ஓப்பனிங் வீக், தனி கிளாஸ் போடணும்" என்றார்கள். மாதம் ஆறாயிரம் கூடுதல். சரியென்று சொல்லும் முன்பு, எங்கள் தெருவில் ரயில்வேயில் ஆடிட்டராக இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவரிடம் யோசனை கேட்டேன். இளவயதில் மாநிலப் போட்டிகளில் ஆடியவர். அவர் கேட்ட ஒரே கேள்வி: "தோத்த ஆட்டத்தோட ஷீட்டெல்லாம் வச்சிருக்கீங்களாம்மா?"

நெடுநேர ஆட்டங்களில் ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுதியே ஆகவேண்டும், அது சட்டம். அந்தத் தாள்களைப் பழைய புடவைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். குதிரை எப்படித் தாவும் என்பதற்கு மேல் எனக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் கணக்கு எழுதத் தெரியுமே! பால் கணக்கு நோட்டில் பின்பக்கத்திலிருந்து கோடு போட்டு, அவள் ஒவ்வொரு ஆட்டமாகப் பலகையில் ஆடிக்காட்டிக் காரணம் சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். முதல் நாள் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். மூன்றாம் நாள் "ஐயோ, இங்க பாரும்மா, எவ்வளவு நல்லா ஆடியிருக்கேன்!" என்று அவளே குதித்தாள்.

மொத்தம் 26 தோல்வி. ஓப்பனிங்கில் கோட்டை விட்டது நாலே நாலு. ஆறு, எதிராளி நிஜமாகவே பெரிய ஆட்டக்காரர். மீதிப் பதினாறும் நன்றாக ஆடிவந்து பறிகொடுத்தவை. அதில் ஒன்பது, கடிகாரத்தில் நேரமில்லாமல் அவசரத்தில் வைத்த காய். ஏழு, பலகையில் யானையும் நாலைந்து சிப்பாயும் மட்டும் மிஞ்சிய பிறகு தடுமாறியது. ஆறாயிரம் ரூபாய் கிளாஸ் எந்த ஓட்டையை அடைத்திருக்கும், சொல்லுங்கள்?

மாமா நோட்டைப் பார்த்துவிட்டு, "1700 வாங்கணும்னு எழுதாதேம்மா. அது பாதி எதிர்ல உட்கார்றவன் கையில இருக்கு. உன் கையில இருக்கறதை மட்டும் எழுது" என்றார். ஆறு மாதத்துக்கு மூன்றே குறிக்கோள் எழுதினாள்.

முதலாவது நேரம். அவள் ஆடும் போட்டிகளில் ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி சேரும். இருபதாவது நகர்த்தலின்போது கடிகாரத்தில் 40 நிமிடமாவது மிச்சம் இருக்கவேண்டும். நகர்த்தலுக்குப் பக்கத்திலேயே மீதி நேரத்தைக் குறித்துவைக்க விதியில் இடமுண்டு. வீட்டுக்கு வந்ததும் ஆட்டத்தை யார் ஜெயித்தது என்று கேட்பதற்கு முன்னால் நான் கேட்பது அந்த எண்ணைத்தான்.

இரண்டாவது, யானை ஆட்ட முடிவில் இரண்டு நிலைகள். ஒன்றுக்கு பிலிடோர் என்று பெயர், மற்றதுக்கு லுசேனா. பிலிடோர் நிலையை நானே கற்றுக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா? எதிராளியிடம் யானையும் ஒரு சிப்பாயும், நம்மிடம் யானை மட்டும். சிப்பாய் ராணியாகப் போகிற கட்டத்தில் நம் ராஜா காவல் நிற்கவேண்டும். நம் பக்கத்திலிருந்து எண்ணி மூன்றாவது வரிசையில் யானையை நிறுத்திவிட்டால் எதிரி ராஜா உள்ளே வரமுடியாது. சிப்பாய் அந்த வரிசைக்கு வந்த உடனே நம் யானையைக் கடைசி வரிசைக்கு ஓட்டி, பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருந்தால் டிரா. இட்லி வேகிற நேரத்தில் நான் சிப்பாய்க் கட்சி, அவள் தடுக்கும் கட்சி. இன்றுவரை என்னால் ஜெயிக்க முடியவில்லை!

மூன்றாவது, ஆட்டம் முடிந்ததும் கம்ப்யூட்டரைத் திறக்கக்கூடாது. எங்கே தப்பினோம் என்று தானாக அரைப் பக்கம் எழுதிய பிறகுதான் அதனிடம் கேட்கலாம். இதில்தான் தினமும் சண்டை.

நேரமும் திட்டமாயிற்று. வாரநாட்களில் மாலை ஒரு மணி நேரம், சனிக்கிழமை மாமாவோடு கடிகாரம் வைத்து ஒரு முழு ஆட்டம், ஞாயிறு எண்ணெய்க் குளியலும் தூக்கமும். பரீட்சை மாதத்தில் இருபது நிமிடப் புதிர்கள் மட்டும். போட்டி இரண்டு மாதத்துக்கு ஒன்று. செலவு பாதியானதில் என்னவர் முகமும் தெளிந்தது. வெளியூருக்கு ஒரு சின்னக் குக்கர் கொண்டுபோகிறேன். வைஷாலி, பிரக்ஞானந்தாவின் அம்மா நாகலட்சுமி வெளிநாட்டுப் போட்டிகளுக்கும் குக்கர் எடுத்துப்போய் ரசம் சாதம் செய்துகொடுத்ததைப் படித்ததிலிருந்து வந்த துணிச்சல் அது. அந்த வைஷாலியும் 2023 டிசம்பரில்தான் 2500-ஐத் தொட்டு, கிராண்ட்மாஸ்டர் தகுதி பெற்ற மூன்றாவது இந்தியப் பெண்ணானார். தம்பி 2018-லேயே அந்தப் பட்டத்தை வாங்கிவிட்டான். ஐந்து வருடம் ஒரே வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டே தன் ஆட்டத்தை ஆடியிருக்கிறாளே, அதை என் பெண்ணிடம் அடிக்கடி சொல்வேன்.

எட்டு மாதமாயிற்று. இப்போது ரேட்டிங் 1571. "இன்னும் பழைய நம்பரே வரலையே" என்கிறார் மாமியார். உண்மைதான். ஆனால் இந்த எட்டு மாதத்தில் தோற்ற பதினொரு ஆட்டத்தில் நேரமில்லாமல் தோற்றது இரண்டே. மதுரையில் 1750 ரேட்டிங் உள்ள ஒருவரோடு யானை முடிவில் மாட்டிக்கொண்டு, மூன்றாவது வரிசையில் யானையை நிறுத்தி, அறுபத்தொரு நகர்த்தலில் டிரா செய்துவிட்டு வெளியே ஓடிவந்தவள், "அம்மா, இட்லி ஆட்டம் வந்துச்சும்மா!" என்று கத்தினாள். பக்கத்திலிருந்த அம்மாக்களுக்கு ஒன்றும் புரியவில்லை. 'வேணாம்' என்ற பேச்சை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

ஜூனில் பத்தாவது. நிறுத்தியே ஆகவேண்டும் என்பது மாமியார் கட்சி. சனிக்கிழமை ஆட்டத்தை மட்டும் விடமாட்டேன் என்பது அவள் கட்சி. என்னவர் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். பத்தாவது வருடத்திலும் பெண்ணைப் போட்டிக்கு அனுப்பிய தோழியர் யாராவது இருந்தால், எந்தெந்த மாதம் அனுப்பினீர்கள், டியூஷனை எப்படிச் சமாளித்தீர்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன். நோட்டில் இன்னும் பக்கம் இருக்கிறது.

- ஒரு வாசகி, திருச்சி