வேகம் குறைந்தால் கப்பல் சொல் கேட்காது

சித்தூர், திருப்பதிப் பக்கத்து ஆலைகளில் பிழியும் தோத்தாபுரி மாம்பழக்கூழ், டிரம்களில் அடைபட்டு, கன்டெய்னரில் ஏறி, சென்னைத் துறைமுகம் வழியாகவும் வெளிநாடு போகிறது. அதைச் சுமக்கும் கப்பலுக்கு நடுக்கடல் பெரிய சிக்கல் இல்லை. துறைமுக வாசல்தான் சோதனை.

காரணம் சுக்கான். நீர் விசையோடு வந்து மோதினால்தான் அது கப்பலைத் திருப்பும். உள்ளே வரும்போது வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். குறைத்தால் சுக்கானின் பிடி தளர்ந்துவிடும். கப்பலுக்கு பிரேக்கும் கிடையாது. புரொபெல்லரைப் பின்னோக்கிச் சுழற்றினாலும் உடனே நிற்காது. பின்பகுதி ஒரு பக்கமாக ஒதுங்கவும் செய்யும்.

பிறகு காற்று. 300 மீட்டர் நீளக் கப்பலில் கன்டெய்னர்களை அடுக்கினால் அதன் பக்கவாட்டுப் பரப்பு 10,000 சதுர மீட்டரை எட்டும். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகக் காற்று அதன்மேல் குறுக்கே வீசினால் ஏறத்தாழ 100 டன் விசையோடு தள்ளும். வேகம் இரட்டித்தால் அந்த விசை நான்கு மடங்கு!

சென்னையில் இன்னொரு இக்கட்டு. இது மனிதர் கட்டிய துறைமுகம். 1881 புயல் அதன் அலைத்தடுப்புச் சுவர்களை நொறுக்கியது. தெற்கிலிருந்து வரும் மணல் தூர்த்ததால், கிழக்கு நோக்கியிருந்த வாசலைப் பின்னாளில் வடகிழக்குக்கு மாற்றினார்கள். வாசலில் அலையைத் தாண்ட வேகம் வேண்டும். நுழைந்ததும், இருக்கிற கொஞ்ச இடத்துக்குள் நிற்கவும் வேண்டும்.

இதற்காகத்தான் உள்ளூர்க் கடலை அறிந்த பைலட், ஓடும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியில் ஏறி வருகிறார். மழையிலும் இருட்டிலும் அப்படித்தான்; அந்த ஏணியில் உயிரை விட்டவர்கள் உண்டு. சுக்கான் செய்ய முடியாததை, அவர் சொற்படி டக் எனும் இழுவைப் படகுகள் தள்ளியும் இழுத்தும் செய்கின்றன. 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரிலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய 'டாலி' என்ற கப்பல், டக்குகள் விலகிய பிறகு மின்சாரம் இழந்து அங்கிருந்த பாலத்தில் மோதியது. பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் இறந்தார்கள்.

நம் கரைக்கும் அந்த வலி தெரியும். 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, கிளம்பிய எரிவாயுக் கப்பலும் வந்துகொண்டிருந்த எண்ணெய்க் கப்பலும் மோதின. கரையில் ஒதுங்கிய எண்ணெயைத் தொழிலாளர்களும் தன்னார்வலர்களும் வாளியால் அள்ளினார்கள். மீனவர்கள் பிழைப்பை இழந்தார்கள்.

காற்று தணியட்டும் என்று பைலட் கப்பலை வெளியிலேயே நிறுத்தி வைத்தால் சரக்கு ஒரு நாள் தாமதமாகலாம். ஏற்றுமதியாளர்கள் அவரை நெருக்கக் கூடாது. காத்திருக்கச் சொல்வதும் அவர் வேலைதான்.