ஒரே கரு, இரு வாழ்வு

ஒரே கருவிலிருந்து பிறக்கும் இரட்டையரின் மரபணுக்கள் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் ஒருவரைத் தாக்கும் நோய் மற்றவரைத் தொடாமல் போவதை நாம் காண்கிறோம். ஏன் இப்படி?

ஸ்பெயின் நாட்டின் மானெல் எஸ்டெல்லர் குழுவினர் 3 முதல் 74 வயது வரையிலான 40 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, 2005இல் தங்கள் முடிவை வெளியிட்டனர். மரபணுக்களின் மீது மெத்தில் எனும் சிறு வேதிக்குறிகள் ஒட்டுகின்றன. எந்த மரபணு இயங்கும், எது அடங்கியிருக்கும் என்பதில் இவற்றுக்குப் பங்குண்டு. சிறுவயது இரட்டையரிடம் இக்குறிகள் பெரிதும் ஒத்திருந்தன. வயது ஏறியவர்களிடமும், நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்தவர்களிடமும் வேறுபாடுகள் மிகுந்திருந்தன. புகைப்பழக்கம் போன்றவை இக்குறிகளை மாற்றுகின்றன; தற்செயலும் மாற்றுகிறது.

அப்படியிருக்க, "உன் அண்ணனைப் போல நீ ஏன் இல்லை?" என்று இரட்டைப் பிள்ளையிடம் நாம் கேட்பது முறையா? ஒருவரைக் கொண்டு மற்றவரை எடைபோடாதிருப்போம்.