வடசென்னையில் ஒரு நாள்



வெளியூரிலிருந்து விருந்தினர் வந்தால் அவர்களை நீங்கள் எங்கே அழைத்துச் செல்கிறீர்கள்? மெரினா, கிண்டி, வண்டலூர், தி. நகர் என்றுதான் பெரும்பாலோர் விடை கூறுவீர்கள். எம்.கே.பி. நகரில் வாழும் நாமும் விருந்தினரோடு தெற்கு நோக்கியே பேருந்து ஏறுகிறோம். ஆனால் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தபின் சென்னைப் பட்டணம் முதலில் விரிந்தது கோட்டைக்கு வடக்கேதான். இதை அறியாத காரணத்தால் நம் பிள்ளைகள் பலர், "உன் வீடு எங்கே?" என்று பிறர் வினவினால் பகுதியின் பெயரைச் சொல்லவே கூசுகின்றனர். அந்தக் கூச்சத்தைப் போக்க ஒரு விடுமுறை நாள் போதும். பிள்ளைகளையும் விருந்தினரையும் அழைத்துக்கொண்டு காலையிலேயே புறப்படுங்கள்.

முதல் ரயில் புறப்பட்ட இடம்

முதலில் ராயபுரம் ரயில் நிலையத்திற்குச் செல்லுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் நாள் இங்கிருந்துதான் புறப்பட்டது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீண்ட அப்பாதை, ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிய வாலாஜா வரை சென்றது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இதற்கு முன்பே ரயில் ஓடியபோதிலும் அங்கிருந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்றில்லை. நாட்டில் இன்றும் பயன்பாட்டிலுள்ள மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்னும் பெருமை நம் ராயபுரத்திற்கே உரியது. சிதிலமடைந்து கிடந்த இது 2005இல் புதுப்பிக்கப்பட்டது. இதன் உயர்ந்த தூண்களின் கீழே பிள்ளைகளை நிறுத்தி இச்செய்தியைச் சொல்லுங்கள். ஊரின் பெயரைச் சொல்ல அவர்கள் மீண்டும் கூசமாட்டார்கள்.

அருகிலேயே புனித ராயப்பர் தேவாலயம் உள்ளது. ஊருக்குப் பெயர் தந்தவர் அந்த ராயப்பரே. 1910இல் அமைந்த பார்சி மக்களின் வழிபாட்டில்லமும் இப்பகுதியில்தான் இருக்கிறது. பிறர் உள்ளே செல்ல அனுமதியில்லை, வெளியிலிருந்தே காணலாம்.

கஞ்சித்தொட்டி

அடுத்து ஸ்டான்லி மருத்துவமனை. முதியோர் இதனை இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பர். ஹைதர் அலிக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் போர் மூண்ட காலத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியது. பசித்து வந்தோருக்குக் கஞ்சி வார்ப்பதற்காக 1782இல் மணியக்காரர் சத்திரம் இங்கே தோன்றியது. பின்னர் அங்கு மருத்துவமும் சேர்ந்தது. 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி உருவாயிற்று. ரமளானில் பள்ளிவாசல் தோறும் கஞ்சி காய்ச்சிப் பகிரும் சமுதாயத்தவராகிய நமக்கு இவ்வரலாறு நெருக்கமானதன்றோ? ஒரு குவளைக் கஞ்சியில் தொடங்கிய நற்செயல், லட்சோப லட்சம் ஏழைகளின் உயிர்காக்கும் நிலையமாக வளர்ந்து நிற்கிறது.

வரி வாங்காத சுவர்

மருத்துவமனைக்கு அருகே, பழைய சிறைச்சாலை சாலையில் நகரைக் காத்த மதிலின் எஞ்சிய பகுதியைக் காணலாம். பிரெஞ்சுக்காரரின் முற்றுகையும் ஹைதர் அலியின் குதிரைப்படையும் தந்த அச்சத்தால் கம்பெனியார் எழுப்பிய மதில் இது. கட்டிய செலவை மக்களிடமே வரியாக வசூலிக்க முனைந்தனர், வசூலிக்க இயலவில்லை. எனினும் 'வால்டாக்ஸ் சாலை' என்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது! மதிலின் மேல் அமைந்த பூங்காவை மக்கள் 'மாடிப் பூங்கா' என்று அழைக்கின்றனர்.

ஆர்மீனியரும் எம்டனும்

அங்கிருந்து ஆர்மீனியன் தெருவுக்கு வாருங்கள். இங்குள்ள ஆர்மீனியர் தேவாலயம் 1772இல் கட்டப்பட்டது. வணிகத்திற்காக வந்த அம்மக்கள் இன்று இங்கில்லை; கல்லறைகளே அவர்களின் கதையைச் சொல்கின்றன. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் 1794இல் அச்சானது சென்னையில்தான்! அதனை நடத்திய பாதிரியாரும் இங்கேயே அடங்கியுள்ளார்.

லுஹர் நேரமானதும் மண்ணடி, அங்கப்ப நாயக்கன் தெருவிலுள்ள மஸ்ஜித் மஃமூரில் தொழுதுகொள்ளலாம். மண்ணடியில் நல்ல உணவுக்கும் குறைவில்லை.

இறுதியாக உயர்நீதிமன்றம் செல்லுங்கள். அடாவடிக்காரரை நாம் 'எம்டன்' என்கிறோமே, அந்தப் பெயர் வந்த கதை இங்கே இருக்கிறது. எம்டன் என்பது ஜெர்மனியிலுள்ள ஒரு பழம்பெரும் துறைமுக நகரம். அதன் பெயர் கொண்ட போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையைக் குண்டுகளால் தாக்கியது. துறைமுகத்தருகே எண்ணெய்க் கிடங்குகள் தீப்பற்றி எரிந்தன. மக்கள் ஊரைவிட்டு ஓடினர். அதனை நினைவூட்டும் கல்லொன்று உயர்நீதிமன்றத்தில் பதிக்கப்பட்டுள்ளது.

வாசகர்களே! பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை நம்மைப் பலமுறை அழைக்கிறது. அப்பயணத்திற்குக் கடல் கடக்கத் தேவையில்லை. கவனிப்பாரற்ற பழங்கட்டடம் எளிதில் இடிக்கப்பட்டுவிடும். நாலு பேர் வந்து பார்க்கும் கட்டடத்தைக் காக்க நாலு பேர் முன்வருவர். ஆகவே அடுத்த விடுமுறையில், இன்ஷா அல்லாஹ், உங்கள் விருந்தினரை வடக்கே அழைத்துச் செல்லுங்கள். விளக்கிச் சொல்லும் பொறுப்பை உங்கள் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள்!