வாடகைப் படகும் நீந்துவோரும்

திரெங்கானு மாநிலத்தின் வட எல்லையை அடுத்துக் கோலா பெசுட் என்னும் கடற்கரைச் சிற்றூர் உளது. அவ்வூர்ப் படகுத்துறையினின்று ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், தென்சீனக் கடலில், பெர்ஹெந்தியான் தீவுகள் அமைந்துள்ளன. ஒன்று பெரியது, மற்றொன்று சிறியது. 'பெர்ஹெந்தியான்' என்னும் மலாய்ச் சொல்லுக்குத் தங்குமிடம் என்பது பொருள். பாய்மரக் கலங்களில் வந்த வணிகர் இடைவழியில் தங்கிச் சென்றமையால் இப்பெயர் வந்தது என்பர். இற்றை நாளில் அங்குத் தங்குவோர் உல்லாசப் பயணிகளே. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்த பின்னர், மார்ச்சுத் திங்கள் முதல் அக்டோபர் வரை, பள்ளி விடுமுறை தோறும் குடும்பம் குடும்பமாக மக்கள் சென்று வருகின்றனர். நம் மக்களும் அவர்களுள் அடங்குவர்.

தீவுகளைச் சூழ்ந்த கடல் 1994ஆம் ஆண்டு கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதனால் மீன்பிடித்தல் தடுக்கப்பட்டது. பவளப் பாறைகளுக்குக் காப்புக் கிடைத்தது. அப்பாறைகளைக் காணும் பொருட்டு மனிதர் நீரில் இறங்குகின்றனர். அவர்களை ஏற்றி வருவது வாடகைப் படகு. மீனுக்குக் காப்பளித்த அதே நீரில், மனிதத் தலையும் படகு விசிறியும் ஒன்றை ஒன்று நெருங்குகின்றன என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

படகோட்டிக்குக் கண் இல்லையா, நீந்துபவனுக்குக் காது இல்லையா என்று கேட்பது எளிது. இரண்டும் உள. ஆயினும் இரண்டும் அந்நேரத்தில் உதவுவதில்லை. காரணம் கணக்கிலேயே கிடைக்கின்றது.

முதற்கண் படகோட்டியின் கண்ணை நோக்குவோம். அவன் படகின் பின்பகுதியில் நிற்கின்றான் அல்லது அமர்ந்திருக்கின்றான். அவன் கண் நீர்மட்டத்திற்கு 2 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், அவனுக்கு 5 மீட்டர் முன்னால் உள்ள அணியத்தின் முனை 1.2 மீட்டர் உயரம் உடையதாகவும் கொள்வோம். (படகின் முன்முனையை அணியம் என்பது நம் கடற்கரை வழக்கு, பாடநூல்களில் இச்சொல்லுக்கு இடமில்லாமற் போனது வருந்தத் தக்கது.) கண்ணையும் அணியத்தையும் இணைக்கும் கோடு நீரைத் தொடும் இடம் கண்ணிலிருந்து 12.5 மீட்டர். அஃதாவது அணியத்திற்கு முன்னால் 7.5 மீட்டர் வரையுள்ள நீர்ப்பரப்பு அவனுக்கு மறைகின்றது. இது படகு நிற்கும்போது. விசையை முடுக்கியதும் அணியம் மேலெழும்பும். அதன் முனை 1.7 மீட்டர் உயர்ந்துவிட்டது எனின், அக்கோடு 33 மீட்டருக்கு அப்பால் சென்றுதான் நீரைத் தொடும். அணியத்திற்கு முன்னால் 28 மீட்டர் குருட்டு வெளி! ஒத்த முக்கோணங்களைக் கற்பிக்கும் ஆசிரியர் கரும்பலகையில் இதனை வரைந்து காட்டினால், மாணவர்க்குக் கணிதமும் விளங்கும், கடலும் விளங்கும்.

மணிக்கு 20 கடல்மைல் வேகம் இத்தகைய படகிற்குப் பெரிதன்று. அது மணிக்கு 37 கிலோமீட்டர். விநாடிக்கு 10 மீட்டருக்குச் சற்று மேல். 28 மீட்டரைக் கடக்க மூன்று விநாடி கூட வேண்டா. எதிரே காலைக் கதிரோ மாலைக் கதிரோ நீரில் பட்டு மின்னுமாயின், மறையாத வெளியும் மறைந்ததாகவே ஆகும். அவ்வொளியில், முகத்தை நீருள் கவிழ்த்து, மூச்சுக்குழல் ஒன்றையே வெளிக்காட்டி மிதப்பவனின் தலை ஒரு தேங்காய் அளவே தோன்றும்.

இனி நீந்துபவனின் காது. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். கடல் நீரிலோ ஏறத்தாழ 1,500 மீட்டர். ஒலி எத்திசையினின்று வருகின்றது என்பதை மனிதன் அறிவதற்கு உதவுவனவற்றுள் தலையாயது, இரு காதுகளுக்கும் அது வந்து சேரும் நேர வேறுபாடு. நீரில் ஒலி நான்கு மடங்கிற்கு மேல் விரைவதால் அவ்வேறுபாடு நான்கில் ஒரு பங்கிற்கும் கீழாகக் குறைகின்றது. மேலும், நீரிலுள்ள ஒலி மண்டையோட்டின் வழியே நேரே உட்புகுகின்றது. ஆகவே மூழ்கியிருப்பவனுக்குப் படகின் ஓசை பெரிதாகக் கேட்கும். ஆனால் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதுபோல் கேட்கும். தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் காலம் கடந்துவிடும். பல படகுகள் கூடியிருக்கும் இடத்தில் எப்போதும் ஓர் இரைச்சல் இருந்துகொண்டே இருப்பதால், ஓசை எச்சரிக்கை என்னும் தன்மையையே இழந்துவிடுகின்றது.

தீங்கு செய்வது பெரும்பாலும் விசிறி. வெளிப்புற இயந்திரம் நிமிடத்திற்கு 4,000 முறை சுழல்வதாகவும், பற்சக்கரங்கள் அதனைப் பாதியாகக் குறைப்பதாகவும் கொள்வோம். விசிறி நிமிடத்திற்கு 2,000 சுற்று, விநாடிக்கு 33. மூன்று இதழ் கொண்ட விசிறியாயின், விநாடிக்கு 100 இதழ் வீச்சு. படகு அதே விநாடியில் 10 மீட்டர் செல்கின்றது. ஆக, ஒரு மீட்டர் நீளத்தில் பத்து வெட்டு. பெருங்குருதிக்குழாய் அறுபட்டால் சில நிமிடங்களில் உயிர் போகும். பெர்ஹெந்தியானிலிருந்து பெருங்கரைக்கு விரைவுப் படகிற்கே அரைமணி நேரம் செல்லும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மருத்துவத்தை நம்பி இருப்பதில் பயனில்லை என்பது புலனாகும்.

2000ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், பிரிட்டிஷ் பாடகி கர்ஸ்ட்டி மக்கோல் மெக்சிகோ நாட்டின் கோசுமெல் தீவருகே தம் மைந்தருடன் முக்குளித்து மேலெழுந்தார். அது விசைப்படகுகள் புகலாகாது என்று ஒதுக்கப்பட்ட கடற்பூங்கா நீர். ஆயினும் ஒரு படகு விரைந்து வந்தது. மகனை அப்புறம் தள்ளிவிட்டுத் தாம் அடிபட்டு இறந்தார் அவ்வம்மையார். படகோட்டிக்கு விதிக்கப்பட்ட சிறைத்தண்டனை, சிறு தொகை ஒன்றைக் கட்டியதும் நீங்கிற்று. எழுதிவைத்த எல்லைக் கோடு நீரின் மேல் தெரிவதில்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. கடலில் கலங்கள் மோதாமல் தடுக்கும் 1972ஆம் ஆண்டு அனைத்துலக விதிகள் 1977இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் ஐந்தாம் விதி, எக்கலமும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் காவல் நோக்க வேண்டும் என்கின்றது. ஆறாம் விதி, காப்பான வேகத்தில் செல்க என்கின்றது. எனினும் அவ்விதிகள் கலமும் கலமும் சந்திப்பது பற்றியனவே. நீந்துபவன் கலம் அல்லனே! ஆதலின் ஒவ்வொரு நாடும் தனக்கென எல்லை வகுத்துள்ளது. நியூசிலாந்தில் நீரிலுள்ள மனிதனுக்கு 50 மீட்டருக்குள்ளும், கரைக்கு 200 மீட்டருக்குள்ளும் வேகம் 5 கடல்மைலுக்கு மிகலாகாது. பிரான்சு நாட்டில் கரையோர 300 மீட்டர்ப் பட்டைக்கு அதே 5 கடல்மைல். விநாடிக்கு 2.6 மீட்டர் என்னும் அவ்வேகத்தில் அணியம் எழும்பாது. குருட்டு வெளி விரியாது. கண்ட பின் நிறுத்தவும் காலம் இருக்கும். இவ்வெண் தற்செயலாகத் தெரிந்தெடுக்கப்பட்டதன்று.

பெர்ஹெந்தியானில் விடுதிகள் சிலவற்றின் முன் மிதவை கோத்த கயிறு கட்டப்பட்டுள்ளது. அதன் உட்புறம் நீந்துவோர்க்கு, வெளிப்புறம் படகிற்கு. கரையில் இந்த ஏற்பாடு நன்று. இடர் மிகுதியும் கயிறில்லாத இடத்தில். கடலாமை மேயும் ஓரிடம் தெரிந்துவிட்டால், பல விடுதிகளின் படகுகள் அங்கே ஒன்றாகக் கூடுகின்றன. முதற் படகினர் இறங்கி ஆமையைப் பின்தொடர்ந்து தம் படகை விட்டு விலகுகின்றனர். இரண்டாம் படகு அவர்கள் மேலேயே வந்து நிற்கின்றது. ஆமை மூச்சுவிட மேலே வருவதாகலின், அதுவும் விசிறிக்குத் தப்புவதில்லை. படகோட்டி கொடியவன் அல்லன். ஒரு சுற்று முடிந்து மறு சுற்றுக்கு ஆளேற்ற வேண்டும். நேரமே அவன் வருவாய். அவசரத்தை விலைக்கு வாங்குவோர் பயணிகளே என்பதையும் மறைக்கலாகாது.

படகோட்டியை மாலுமி என்று அழைப்பது தமிழ் வழக்கு. ஆசிரியன் எனப் பொருள்படும் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லே மாலுமி ஆயிற்று. மலாயில் அது 'மாலிம்'. கடலறிவு கற்றுக் கொடுப்பவன் என்ற பொருள் இன்னும் அழியவில்லை. நல்ல படகோட்டி நீரில் இறங்குமுன் பேசுகின்றான்: நீரோட்டம் எப்பக்கம், எத்துணைத் தொலைவு செல்லலாம், படகிற்கு எப்பக்கமாகத் திரும்ப வேண்டும் என்பனவற்றைச் சொல்கின்றான். உதவியாள் ஒருவனை அணியத்தில் நிறுத்துகின்றான். அவன் காண்பது ஓட்டுபவனுக்கு மறைந்த அந்த வெளியை. எவரேனும் பக்கவாட்டில் நீரில் விழுந்தால், சுக்கானை விழுந்தவன் பக்கமே திருப்புகின்றான். இது முரணாகத் தோன்றும். ஆனால் அணியம் ஒரு பக்கம் திரும்பினால் படகின் பின்புறம் மறுபக்கம் வீசப்படும். விசிறி பின்புறத்தில் உளது.

பின்புறத்திலேதான் ஏணியும் பல படகுகளில் மாட்டப்பட்டுள்ளது. இவ்வமைப்பு யார் செய்த சிந்தனையோ! சிறுவன் ஏணியில் கால் வைக்கும்போது அவன் முழங்காலுக்கு அருகே விசிறி. இயந்திரத்தைப் பொதுநிலையில் வைத்துவிட்டால் போதும் என்று சிலர் கருதுகின்றனர், போதாது. ஒரு கை தவறிப் பிடியில் பட்டாலே விசிறி சுழலும். இயந்திரம் அறவே நின்றிருக்க வேண்டும். ஓட்டுபவன் தவறி விழுந்தால் இயந்திரம் தானே நிற்குமாறு, அவன் உடலோடு பிணைக்கும் நிறுத்துகயிறு பெரும்பாலான வெளிப்புற இயந்திரங்களில் உண்டு. அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளில் அதனைப் பிணைத்துக்கொள்வது 2021 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்டது.

உயிர்காப்பு அங்கி பற்றி ஒரு சொல். அதனை அணிந்தவன் படகு வரும்போது நீருள் மூழ்கித் தப்ப இயலாது என்பர் சிலர். உண்மையே. ஆயினும் அவ்வங்கியின் செம்மஞ்சள் நிறமே தொலைவிலிருந்து அவனைக் காட்டுகின்றது. நீந்தத் தெரியாத பிள்ளைக்கு அதுவே உயிர். 2025 ஜூன் இறுதியில் பெர்ஹெந்தியான் அருகே இரவில் படகு கவிழ்ந்து மூவர் மாண்டதை எவரும் மறந்திரார்.

மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் கருங்குல்லாயும் கருநீல உடையும் தவிர்த்துப் பளிச்சென்ற நிறத் துணியைப் பிள்ளைகள் தலையில் கட்டச் செய்யலாம். இருவர் இருவராக விடுதலும், ஒருவர் குழலை நீரில் வைக்கையில் மற்றவர் தலை நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தலும் பழக்கத்தால் வரும். பள்ளித் திடலிலேயே பழக்கலாம். படகு அருகில் வந்தால் அதனை நோக்கி நீந்தாமல், ஒரு கையை உயர்த்திப் பிடித்து அதே இடத்தில் மிதக்க வேண்டும். இயந்திரம் நின்று, படகோட்டி கைகாட்டிய பின்னரே முதற் பிள்ளை ஏணியை நெருங்கலாம். ஓசை ஓயவில்லை எனின், "தோலோங் மாத்திக்கான் எஞ்சின்" என்று உரக்கச் சொல்ல ஆசிரியர் தயங்க வேண்டுவதில்லை. கடைசிப் பிள்ளை ஏறி, தலைகள் எண்ணப்பட்டு, எண் ஒத்துவந்த பிறகு எஞ்சின் மீண்டும் இயங்கட்டும்.