புதைத்த கழிவும் நம் நலமும்: புக்கிட் மேரா தரும் பாடம்

ஈப்போ வட்டாரத்தில் ஈயம் அலசிய பின் எஞ்சும் கனமான மணலுக்கு ‘ஆமாங்’ என்று பெயர். அதில் மோனசைட் என்னும் கனிமம் உண்டு. லகாட் அருகே புக்கிட் மேராவில், ஏசியன் ரேர் எர்த் தொழிற்சாலை 1982 முதல் மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுத்தது. எஞ்சிய கழிவில் தோரியம் என்னும் கதிரியக்கப் பொருள் இருந்தது.

தங்கள் நலம் கெடுகிறது என்று 1985-இல் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூட உத்தரவிட்டது. மறு ஆண்டு உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. கழிவு மட்டும் அங்கேயே இருந்தது.

தோரியத்தால் என்ன கெடுதல்?

தோரியம் வெளியிடும் ஆல்ஃபா கதிர் நம் தோலைத் தாண்டாது. ஆனால் தூசியாகச் சுவாசித்தாலோ, கையோடு வாய்க்குள் போனாலோ, நுரையீரலிலும் எலும்பிலும் தங்கிவிடும். நீண்ட காலம் தங்கினால் புற்றுநோய் ஆபத்து கூடும். தோரியத்தின் அளவு பாதியாகக் குறைய சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்.

இது காய்ச்சல்போல் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. ஆகவே, அப்பகுதியில் வாழ்ந்தவர்களையோ வேலை செய்தவர்களையோ ஒதுக்கிவைக்கக் காரணம் இல்லை.

எப்படித் துப்புரவு செய்தார்கள்?

தோரியத்தை எரித்தோ கழுவியோ அழிக்க முடியாது. மனிதர் நெருங்காத இடத்தில் அடைத்து வைப்பதே வழி. ஆலைக் கட்டடத்தை அகற்றி, சில இடங்களில் 25 அடி ஆழம்வரை மண்ணைத் தோண்டி எடுத்தனர். சுமார் 11,000 லோரிச் சுமை மண்ணும் இடிபாடும் வெளியேறின. அவற்றைக் கிளெடாங் மலைத்தொடரில் ஒரு குன்றின் உச்சியை வெட்டி, உள்ளே புதைத்து, 20 அடிக்கும் மேலாகக் களிமண்ணும் கருங்கல்லும் போட்டு மூடினர். 80,000-க்கும் மேற்பட்ட இரும்புப் பீப்பாய்க் கழிவைச் சிமெண்டோடு கலந்து கட்டியாக்கிப் புதைப்பதும் திட்டத்தில் அடங்கும். செலவு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர்.

புதைத்ததோடு வேலை முடிவதில்லை. மழை அரிக்காமலும், நீரில் கசியாமலும், யாரும் தோண்டாமலும் தலைமுறை தலைமுறையாகக் கண்காணிக்க வேண்டும். அதில் நமக்கும் பங்கு உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியவை

• வேலியிட்ட பழைய குப்பைமேடு, ஆலை நிலம், ஆமாங் கொட்டிய இடம் ஆகியவற்றுக்குள் செல்லாதீர்கள். பிள்ளைகளையும் விளையாட விடாதீர்கள்.
• அங்குள்ள மண்ணை வீட்டு நிலம் நிரப்பவோ காய்கறித் தோட்டத்துக்கோ எடுக்காதீர்கள்.
• பழைய பீப்பாய், பலகை, இரும்பு எதையும் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். பழைய இரும்புக்கும் விற்காதீர்கள்.
• மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் கொண்ட கதிரியக்கச் சின்னத்தைக் கண்டால் தொடாமல் விலகி, போலீசுக்கோ மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கோ தெரிவியுங்கள்.
• தூசி நிறைந்த இடத்தில் வேலை செய்தால், சாப்பிடும் முன் கைகழுவுங்கள். காலணியை வாசலில் கழற்றுங்கள். வேலை உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.
• முன்பு இத்தகைய ஆலையிலோ கழிவு இடத்திலோ வேலை செய்திருந்தால், கிளினிக் செல்லும்போது மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எந்த ஆண்டு, என்ன வேலை என்ற விவரம் அவருக்கு உதவும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தக் குன்றைப் பற்றிச் சொல்லிவையுங்கள். அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் அதைத் தோண்டமாட்டார்.